பன்னிரு சிவாலயமும் ஒரு துருப்பிடித்த போல்ட்டும்

2024-ஆம் ஆண்டில் மகா சிவராத்திரி மார்ச் 8-ஆம் நாள், வெள்ளிக்கிழமையன்று வந்தது. பிரதோஷமும் அன்றே கூடியிருந்தது. அதற்குப் பதினோரு நாள் முன்னதாக, தேங்காய்ப்பட்டணத்தில் என் தமக்கையாரின் வீட்டுக் கார்க் கொட்டகையில், எழுபத்தொரு வயதில், மண் தரையில் சாக்கு விரித்து மல்லாந்து படுத்துக்கொண்டு, ஒரு போல்ட்டின் தலையை நான் மழுக்கிக் கெடுத்துவிட்டேன். இதில் எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று அன்பர்கள் எண்ணலாம். எனக்கும் அன்று அவ்வாறே தோன்றியது.

குமரி மாவட்டத்து அன்பர்களுக்குச் சிவாலய ஓட்டத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. பிற ஊர்களில் இருப்போருக்காகச் சில வரிகள். விளவங்கோடு, கல்குளம் பகுதிகளில் பன்னிரண்டு சிவாலயங்கள் உள்ளன. முஞ்சிறை திருமலையில் தொடங்கி, திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை, பன்னிப்பாகம், கல்குளம், மேலாங்கோடு, திருவிடைக்கோடு, திருவிதாங்கோடு, திருப்பன்றிக்கோடு என வலம்வந்து, திருநட்டாலத்தில் சங்கரநாராயணர் சந்நிதியில் நிறைவு செய்வார்கள். நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தூரம். காவி உடுத்து, கையில் பனையோலை விசிறியோடு, "கோவிந்தா, கோபாலா" என்று முழங்கியபடி ஓடுவார்கள். சிவனைக் காண ஓடுபவர்கள் திருமாலின் பெயரைச் சொல்லி ஓடுவது ஏன் என்பதற்குப் பீமனும் புருஷாமிருகமும் வரும் கதை உண்டு; பெரியோர்கள் அதை அறிவார்கள்.

என் அத்தான் முப்பத்து நான்கு ஆண்டுகள் அந்த ஓட்டம் ஓடியவர். பேருந்துப் பணிமனையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். சிவராத்திரிக்கு மறுநாள் கால் வீங்கித் திரும்புவார். அக்கா வெந்நீரில் கல்லுப்பு இட்டு அவருடைய பாதங்களை அதில் வைக்கச் சொல்வாள். அக்கா அந்தப் பன்னிரண்டில் முஞ்சிறையைத் தவிர வேறெதையும் சிவராத்திரியன்று கண்டதில்லை. மாமியார், பிள்ளைகள், மாடு என்று வீட்டில் எப்போதும் ஒரு காரணம் இருந்தது. கடைசி முறை ஓடி வந்தபோது அத்தான் சொன்னார்: "இனி ஓட முடியாது. அடுத்த வருடம் நம்ம காரில் போவோம். நீயும் வா." அந்த அடுத்த சிவராத்திரிக்கு முன்பாகவே, ஒரு மார்கழி விடியலில் அவர் சிவபதம் அடைந்தார்.

நம்ம கார் என்று அவர் சொன்னது 1998-இல் வாங்கிய மாருதி 800. வெள்ளை நிறம். அத்தான் மறைந்தபின் அது கொட்டகையில் நின்றது. வாரம் ஒருமுறை பக்கத்து வீட்டுப் பையன் வந்து எஞ்சினை இயக்கி வைப்பான். அதற்கு மேல் ஓட்டமில்லை. துபாயிலிருக்கும் மருமகன் அதைப் பழைய இரும்புக்குக் கொடுத்துவிடும்படி தொலைபேசியில் பலமுறை சொல்லிவிட்டான். அக்கா கேட்டுக்கொள்வாள், பதில் சொல்ல மாட்டாள்.

அந்த ஆண்டு தை பிறந்ததும், மார்த்தாண்டத்தில் இருக்கும் எனக்கு அவளிடமிருந்து அழைப்பு வந்தது. "எனக்கு எழுபத்தெட்டு ஆயிற்று, மக்களே. முழங்கால் இந்த வருடம் போல அடுத்த வருடம் இருக்காது. நீ வண்டி ஓட்டுவாயா?" என்று கேட்டாள். வாடகைக் கார் வைத்துக்கொள்ளலாமே என்றேன். "அவங்க சொன்னது இந்தக் காரைத்தான்" என்றாள். அதற்கு மேல் வாதாட எனக்கு வாய் வரவில்லை.

வண்டியின் காகிதங்களைப் புதுப்பித்து, டயர்களையும் பேட்டரியையும் மாற்றியாயிற்று. பிரேக்கை மார்த்தாண்டத்துப் பட்டறையில் சரிபார்த்தாயிற்று. எஞ்சியது சைலன்ஸர். அது அடியில் இற்று, விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்திருந்தது. சத்தத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த ஓட்டை வழியே வரும் புகையில் மணமும் நிறமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு உண்டு. அது வண்டிக்குள் புகுந்தால், உள்ளே இருப்பவர் தூக்கம் வருகிறதென்று நினைத்தபடியே நினைவிழப்பார். இதய மாத்திரை உண்ணும் அக்காவைப் பின்னிருக்கையில் வைத்து ஒரு பகலும் இரவும் அப்படி ஓட்டத் துணிய முடியாது. புதிய சைலன்ஸர் வாங்கி வந்தேன். பழையதைக் கழற்ற வேண்டியவை இரண்டே போல்ட்டுகள். அத்தானோடு எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் அந்தக் காரின் அடியில் கிடந்தவன் நான். இதற்கும் பட்டறைக்குப் போவதா என்று ஒரு வீம்பு.

தேங்காய்ப்பட்டணம் குழித்துறைத் தாமிரபரணி அரபிக்கடலோடு கலக்கும் ஊர். அங்கே காற்றுக்கே உப்புக் கரிக்கும். சன்னல் கம்பியில் பூசிய சாயம் இரண்டு மழைக்காலம் தாங்காது. இரும்பு, நீர், காற்று மூன்றும் சேர்ந்தால் துரு உண்டாகும்; உப்பு அதை விரைவுபடுத்தும். துரு இரும்பை அரிப்பதோடு நிற்பதில்லை. தான் தின்ற இரும்பைவிடக் கூடுதலான இடத்தை அது அடைத்துக்கொள்ளும். மரைகளுக்கு நடுவே இருந்த மயிரிழை இடைவெளியெல்லாம் அவ்வாறு அடைபட்டுவிட்டால், போல்ட்டும் நட்டும் ஒரே இரும்பாகிவிடும்.

வண்டியை ஜாக்கியால் தூக்கி, ஜாக்கியை நம்பாமல் அத்தான் வைத்திருந்த அயனிமரக் கட்டைகளை இருபுறமும் அண்டை கொடுத்து, சக்கரங்களுக்குக் கல் வைத்துவிட்டு அடியில் நுழைந்தேன். முதல் போல்ட் ஒரு முனகலோடு கழன்றுவிட்டது. அந்த உற்சாகத்தில் இரண்டாவதை அணுகினேன். அது அசையவில்லை. துருவால் இளைத்துப்போன தலையில் 14-ஆம் எண் ஸ்பேனர் சற்றே ஆடியது. வாய் பிளந்த ஸ்பேனர் போல்ட்டின் ஆறு முனைகளில் இரண்டை மட்டுமே பற்றும். ஆறு பக்கங்களையும் அணைத்துப் பிடிக்கும் பாக்ஸ் ஸ்பேனர் அத்தானின் பெட்டியில் இருந்தது. எழுந்து போய் எடுக்கச் சோம்பல். ஒரே மூச்சில் இழுத்தேன். வழுக்கியது. மீண்டும் இழுத்தேன். மூன்றாம் முறை என் புறங்கை குழாயில் மோதித் தோல் உரிந்தது. விளக்கைக் காட்டிப் பார்த்தால், அறுகோணமாக இருந்த தலை பிடிமண் பிள்ளையார் போல் உருண்டு திரண்டிருந்தது.

மறுபக்கத்தில் நட் தனியாக இருந்திருந்தால் பயமில்லை. வெட்டி எறிந்துவிட்டுப் புதியது போட்டுவிடலாம். இங்கே நட்டைக் குழாயின் விளிம்போடு பற்றவைத்திருந்தார்கள். போல்ட் முறிந்தால் அடிக்கட்டை உள்ளேயே தங்கிவிடும்; பிறகு துளைபோட வேண்டும், அல்லது முன்குழாயையும் சேர்த்து மாற்ற வேண்டும். நாளோ குறைவு.

வலி ஆறட்டும் என்று அப்படியே கிடந்தபோதுதான் அந்தப் பழைய நாள் நினைவுக்கு வந்தது. பல ஆண்டுகளுக்கு முன் இதே சைலன்ஸரை இதே இடத்தில் மாட்டியவர்கள் அத்தானும் நானும். அத்தான் ஒரு சிரட்டையில் கிரீஸ் எடுத்துக் கையில் வைத்திருந்தார். "மரையில் இதைத் தடவு. கடற்கரை வண்டி. பின்னால் கழற்ற வேண்டிவரும்" என்றார். எனக்கு மார்த்தாண்டம் பேருந்தைப் பிடிக்க வேண்டிய அவசரம். ஒன்றில் தடவினேன். மற்றதில், எண்ணெய் போட்டால் தளர்ந்துவிடும் என்று ஏதோ அறிவாளி போல் சொல்லிவிட்டு, வறண்ட போல்ட்டை நுழைத்து, ஸ்பேனரின் வாலில் இரண்டடிக் குழாயைச் செருகி, பற்களைக் கடித்துக்கொண்டு முறுக்கினேன். கை கழுவாமலே ஓடினேன். அந்த ஒன்றுதான் இப்போது என் முகத்துக்கு மேலே இருந்தது.

அன்றிரவு அக்கா கஞ்சியும் பயறும் வைத்தாள். காயம்பட்ட கையை மறைத்துக்கொண்டு, "வண்டி இதற்கு மேல் தாங்காது போலிருக்கிறது. வாடகைக் காரே வைத்துக்கொள்வோம்" என்றேன். வண்டி தாங்காது என்பது பொய். தாங்காமல் போனது என் வீம்பு. அக்கா ஒன்றும் சொல்லவில்லை. அத்தானின் படத்தருகே பித்தளை வாளியில் இருந்த பனையோலை விசிறியை எடுத்துத் தூசி தட்டினாள். திரும்ப அங்கேயே வைத்தாள். அன்றிரவு நான் உறங்கவில்லை.

விடிந்ததும் மீன்பிடித் துறைமுகத்துப் பக்கம் நடந்தேன். உப்புநீரோடு நாளெல்லாம் மல்லாடும் இரும்பைப் பற்றி அறிய வேண்டுமானால் படகு எஞ்சின் பழுதுபார்ப்பவரைத்தான் கேட்க வேண்டும். அங்கே ஒரு பெரியவர், என் வயதுதான் இருக்கும், ஓர் எஞ்சினைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். என் கையைப் பார்த்ததுமே, "எத்தனாம் நம்பர் போல்ட்?" என்று கேட்டுச் சிரித்தார். முழுக்கதையையும் சொன்னேன். "எண்ணெய் விட்டீர்களா?" என்றார். விட்டேன் என்றேன். "எவ்வளவு நேரம்?" என்றார். கால் மணி நேரம் என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருந்தது. "கால் வருடம் கேட்காது. ஆனால் ஒரு ராத்திரியாவது கொடுக்கணும்" என்றார். கம்பித் தூரிகையால் துருவைச் சுரண்டி, டீசலும் எஞ்சின் எண்ணெயும் கலந்து காலையும் மாலையும் விட்டு, ஒவ்வொரு முறையும் சுத்தியலால் தலையில் மெல்லத் தட்டும்படி சொன்னார். அந்தத் தட்டலில் துரு நுண்ணிதாகப் பிளக்கும். அந்தப் பிளவில் எண்ணெய் இறங்கும். இரண்டு நாள் கழித்துத் தாமே வருவதாகவும் சொன்னார். வேண்டாம் என்று சொல்லும் நிலையில் நான் இல்லை.

அந்த இரண்டு நாளும் அக்கா வீட்டில் காலைப் பூசைக்கு மணியடிக்கும்போது கொட்டகையில் நான் தட்டிக்கொண்டிருந்தேன். அக்கா எதுவும் கேட்கவில்லை. ஆனால் வாடகைக் காரைப் பற்றி நானும் பேசவில்லை, அவளும் பேசவில்லை.

பெரியவர் வந்தார். முதலில் பெட்ரோல் தொட்டி எங்கே, எரிபொருள் குழாய் எந்த வழியில் போகிறது என்று பார்த்தார். கசிவு இல்லை என்று உறுதி செய்துகொண்டார். நனைத்த சாக்குகளை அந்தப் பக்கம் தொங்கவிட்டு, ஒரு வாளி மணலை என் கையருகே வைக்கச் சொன்னார். வடிந்திருந்த எண்ணெயைத் துணியால் ஒற்றி எடுத்தார். பிறகுதான் ஊதுவிளக்கை ஏற்றினார். நெருப்பை போல்ட்டின் தலையில் காட்டவில்லை. சுற்றியிருந்த நட்டில் காட்டினார். சூட்டில் இரும்பு விரியும். வெளியே இருக்கும் நட் விரிந்தால் உள்ளே இருக்கும் போல்ட்டின் பிடி நெகிழும். நட் நன்றாகச் சுட்டதும் விளக்கை அணைத்து, சட்டைப்பையிலிருந்து ஒரு மெழுகுதிரித் துண்டை எடுத்து மரையின் ஓரத்தில் வைத்தார். அது உருகி, ஏதோ அழைத்தது போல உள்ளே ஓடி மறைந்தது. கோயிலில் விக்கிரகத்தைப் பீடத்தில் நிறுத்தும் அஷ்டபந்தனத்திலும் தேன்மெழுகு சேர்ப்பார்கள் என்பது என் நினைவுக்கு வந்தது. அங்கே சேர்ப்பது, இங்கே பிரிப்பது. அவரிடம் அதைச் சொன்னேன். "மெழுகுக்கு எல்லாம் ஒன்றுதான்" என்றார்.

உருண்டுபோன தலைக்கு அரத்தைக் கொடுத்தார். எதிரெதிரான இரண்டு பக்கங்களை மட்டும் தேய்த்துத் தட்டையாக்கி, 13-ஆம் எண் ஸ்பேனர் ஆடாமல் இறுகிப் பிடிக்கும் அளவில் நிறுத்தினார். அரை மணி நேரம் ஆயிற்று. பிறகு ஸ்பேனரை என் கையில் தந்து, "இது உங்கள் போல்ட்" என்றார். அவருக்குத் துறைமுகத்தில் வேலை காத்திருந்தது. கூலி கேட்டேன். திருநட்டாலத்திலிருந்து திருநீறு கொண்டுவந்து தரச்சொன்னார்.

நான் உள்ளே நுழைந்தேன். மெல்ல அழுத்தினேன். கிறீச்சென்ற ஓசையோடு போல்ட் ஒரு நெல்மணி அகலம் அசைந்தது. என் மகிழ்ச்சிக்கு அளவில்லை. முன்புபோல மூச்சைப் பிடித்து இழுக்கப் போனேன். கொட்டகை வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்த அக்காவின் குரல் கேட்டது.

"நீ ஒரே பக்கமாகவே இழுக்கிறாய். அவங்க அப்படிச் செய்ய மாட்டாங்க. சோமசூத்திரம் சுற்றுவது போலச் சுற்று."

பெரியோர்களுக்குத் தெரிந்ததுதான். பிற சந்நிதிகளில் முழுவலம் வருகிறோம். சிவபெருமானின் கருவறையைச் சுற்றும்போது, அபிஷேக நீர் விழும் கோமுகியைத் தாண்டுவதில்லை. அதுவரை சென்று, நின்று, வந்த வழியே திரும்பி, மறுபுறமாகக் கோமுகி வரை போய், மீண்டும் திரும்புகிறோம். எங்கள் மலைநாட்டுக் கோயில்களில் இதில் இன்றும் மிகவும் கண்டிப்பாக இருப்பார்கள். அறுபது ஆண்டுகளாக நான் அவ்வாறு சுற்றியிருக்கிறேன். அதை ஒரு ஸ்பேனரோடு சேர்த்து எண்ணிப் பார்த்ததில்லை.

போல்ட்டைத் தளர்த்துவதென்றால் இடமாகத் திருக வேண்டும். வலமாகத் திருகினால் இறுகும். ஆனால் துருப்பிடித்ததை இடமாகவே முறுக்கிக்கொண்டு போனால், அரைபட்ட துருத்தூள் மரைகளுக்கு நடுவே சேர்ந்து, ஓரிடத்தில் ஆப்பாக இறுகிவிடும். அங்கேயும் விடாமல் இழுத்தால் கழுத்து முறியும். அது கனக்கத் தொடங்கும் இடமே கோமுகி. அங்கே நின்று, வந்த வழியே சற்றுத் திருப்ப வேண்டும். தூள் உதிரும். எண்ணெய் விட்டு மறுபடி போனால் முன்னைவிட ஒரு மயிரிழை கூடுதலாகப் போகும். அப்படியே செய்தேன். கால் சுற்று வர இருபது நிமிடம் ஆயிற்று. அக்கா வாசலில் உட்கார்ந்து பஞ்சாட்சரம் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்காகவா, போல்ட்டுக்காகவா, தெரியவில்லை. இரண்டு முறை எண்ணெய் தீர்ந்து அவளே எடுத்து நீட்டினாள். ஒருமுறை நான் அவசரப்பட்டபோது, "திரும்பு, திரும்பு" என்றாள். பார்க்காமலே ஓசையில் அவளுக்குத் தெரிந்தது. எத்தனை ஆண்டுகள் அந்த வாசலில் இருந்து அந்த ஓசையைக் கேட்டிருப்பாள்!

நண்பகல் தீபாராதனை வேளை நெருங்கியபோது போல்ட் என் உள்ளங்கையில் விழுந்தது. சூடாக இருந்தது. மரைகளில் பழுப்புத் துருவும் கரிந்த மெழுகும். கிரீஸின் அடையாளம் துளியும் இல்லை.

வெளியே வந்து அதை அக்காவிடம் கொடுத்தேன். கொடுத்தபின் அவள் முகத்தைப் பாராமல் சொன்னேன்: "இதை இப்படி இறுக்கியது நான்தான், அக்கா. அத்தான் கிரீஸ் தடவச் சொன்னார்கள். நான் கேட்கவில்லை."

"தெரியும்" என்றாள் அக்கா. "நீ பஸ்ஸுக்கு ஓடினபின் அவங்க அடியில் போய்ப் பார்த்தாங்க. 'மச்சினன் முறுக்கி வைத்திருக்கிறான், என்னால் கழற்ற முடியாது. கழற்ற வேண்டிய காலத்தில் அவனே வருவான்' என்று சொல்லிச் சிரிச்சாங்க."

நான் கை கழுவப் போவதுபோலக் கிணற்றடிக்குப் போய்ச் சற்று நேரம் நின்றேன்.

மாலையில் புதிய சைலன்ஸரை மாட்டினேன். இரண்டு போல்ட்டுகளும் புதியவை. சூடு படும் இடத்துக்குச் சாதாரண கிரீஸ் கரிந்துவிடும் என்று துறைமுகத்துப் பெரியவர் சொல்லி, செம்புத்தூள் கலந்த பசையை ஒரு காகிதத்தில் மடித்துக் கொடுத்திருந்தார். இரண்டிலும் தடவினேன். ஸ்பேனரின் வாலில் குழாய் எதையும் செருகவில்லை.

மார்ச் 8-ஆம் நாள் அதிகாலையில் முஞ்சிறை திருமலையில் தொழுது புறப்பட்டோம். முந்தின நாள் மாலையே ஓடத் தொடங்கியவர்கள் எங்களுக்கு வெகுதூரம் முன்னால் போயிருந்தார்கள். திக்குறிச்சியில் ஆற்றின் காற்று நன்றாக இருந்தது; அங்கே சந்நிதியில் நந்தி இல்லை என்பதை அக்கா அதுவரை கேள்விதான் பட்டிருந்தாள்; பார்த்து உறுதிசெய்துகொண்டாள். திற்பரப்பில் அருவியின் ஓசை, திருநந்திக்கரையில் ரப்பர் தோட்டத்து நிழல். பொன்மனை தாண்டியதும் சாலையோரத்தில் அன்பர்கள் சுக்குநீரும் மோரும் வழங்கிக்கொண்டிருந்தார்கள். அக்கா வண்டியை நிறுத்தச் சொல்லி, ஓடிவந்த இளைஞர் சிலருக்குத் தன் கையாலேயே மோர் எடுத்துக் கொடுத்தாள். கல்குளத்தில் படியேற நேரமாயிற்று. நான் பரபரக்கவில்லை. ஒவ்வொரு கோயிலிலும் கோமுகி வரை போய்த் திரும்பும்போது அவள் என்னைப் பார்த்தாள். எட்டாவது கோயிலான மேலாங்கோட்டில் இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

திருநட்டாலத்தை அடைந்தபோது இரவு நெடுநேரம் ஆகியிருந்தது. அத்தானின் விசிறியை அக்கா மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தாள். சங்கரநாராயணர் சந்நிதியில் கூட்டம் விலகிய ஒரு கணத்தில் நின்று, அதை மும்முறை வீசினாள். அருகில் ஓடிவந்த கால்களோடு தள்ளாடி நின்ற ஒரு முதியவர் அவளுக்கு வழிவிட்டு ஒதுங்கினார். அவள் எதுவும் வேண்டிக்கொண்டதாகத் தெரியவில்லை. திருநீற்றை இரண்டு பொட்டலமாக வாங்கினாள். ஒன்று வீட்டுக்கு, ஒன்று துறைமுகத்துக்கு.

தேங்காய்ப்பட்டணம் திரும்பும்போது விடிந்துகொண்டிருந்தது. அக்காவை இறக்கிவிட்டு, வண்டி ஆறும்வரை திண்ணையில் காத்திருந்தேன். புதிதாக மாட்டியதை முதல் ஓட்டத்துக்குப் பின் ஒருமுறை சரிபார்க்க வேண்டும் என்பது அத்தானின் வழக்கம். சாக்கு விரித்து அடியில் நுழைந்து, பாக்ஸ் ஸ்பேனரை வைத்துப் பார்த்தேன். ஒன்று அசையவில்லை. மற்றது ஒரு நெல்மணி அகலம் ஏற்றுக்கொண்டது. வெளியே அக்கா வெந்நீரில் கல்லுப்பு இட்டு, எனக்கும் ஒரு பாத்திரத்தில் கொண்டுவந்து வைத்திருந்தாள்.